குந்தாரப்பள்ளிக்கு ஒரு பார்சல்

ஸ்வாதி: ...கைய எடுங்கண்ணா. மொதல்ல அந்தக் கீபோர்டு ஸ்பேஸ் பார்லருந்து கைய எடுங்க.

மாதேஷ்: நான் எங்க தொட்டன் ஸ்வாதி? சும்மா பாத்துக்கினுதான இருக்கன்.

ஸ்வாதி: பாக்கறதுக்குக் கண்ணு போதும். கட்டவெரல் எதுக்கு?

மாதேஷ்: அது... பழக்க தோசம்.

ஸ்வாதி: இங்க பாருங்க. ஃபைல்ல, பழைய வரில ஒரு ஸ்பேஸ் புதுசா மொளச்சிருக்கு. செவப்பாக் காட்டுது பாருங்க. நான் டீ எடுக்கப் போறப்ப இது இல்ல. வந்தப்ப இருக்கு.

மாதேஷ்: ஒரே ஒரு எடவெளி. அதுக்கு இவ்ளோ கூத்தா? புரோகிராமுக்கு ஒண்ணும் ஆவாது.

ஸ்வாதி: புரோகிராமுக்கு ஆகாது. எனக்கு ஆகும். பழைய வரில ஒரு புள்ளி மாறினாக்கூட நம்ம மொதலாளி பூபதி சார் என்ன சொல்வாரு?

மாதேஷ்: என்ன சொல்வாரு...

ஸ்வாதி: சொல்லுங்க. உங்க வாயாலயே வரட்டும்.

மாதேஷ்: "மெதட் மாறிடுச்சு. எல்லா கஸ்டமரும் திரும்ப டிரையல் எடுத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் சாஃப்ட்வேர் வெளிய போவணும்"னு சொல்வாரு.

ஸ்வாதி: அதுக்கு எவ்ளோ நாளாகும்?

மாதேஷ்: ஒரு மாசம்... இழுத்தா ஒன்றர மாசம்...

ஸ்வாதி: சொல்றப்பவே மொகத்துல என்னா ஒரு பூரிப்பு!

மாதேஷ்: பூரிப்பா? கவலம்மா. கம்பெனி மேல கவல.

ஸ்வாதி: ஆமாமா. கவலப்பட்டவரு கன்னம் ரெண்டும் உப்பிக்கிட்டு நிக்குது. தள்ளுங்க, அந்த ஸ்பேஸ எடுத்துடறேன்... ம், போச்சு. சாஃப்ட்வேர் கம்பெனி நடத்திக்கிட்டு "மெதட் மாறிடுச்சு"ன்னு கத்துற மொதலாளி, ஓசூர விட்டா வேற எங்கயும் கெடைக்க மாட்டாரு.

மாதேஷ்: அவரு என்ன பண்ணுவாரு, பாவம். பாதி ஆயுசு பிரேக் டிரம் ஃபேக்டரில குவாலிட்டி பாத்த மனுசன். ஆளு, மிஷினு, மெட்டீரியலு, மெதடு... நாலுல எது மாறினாலும் நோட்டு எழுது, டிரையல் காட்டு, கையெழுத்து வாங்கு. ரத்தத்துலயே ஊறிப்போச்சு. வீட்ல கொழம்புக்குப் புளி கட மாத்தினாக்கூட நோட்டு கேக்கறாராம். அவங்க வீட்டம்மா எங்கிட்டச் சொல்லி அழுவாத கொற.

ஸ்வாதி: அதனாலதான் உங்க பில்டு ஃபைல்ல பழைய வரி ஒண்ணக்கூட நான் தொடல. அது எப்படியும் புரோகிராமச் சமைச்சுக் குடுத்துடுது. அதுக்கு அடில, தனியா, புதுசா கொஞ்சம் வரி. அவ்ளோதான். பூபதி சார்கிட்டப் போயி, "பார்ட்டு அதேதான் சார், அட்டப்பொட்டி மட்டும் புதுசு"ன்னேன். மூக்குக் கண்ணாடியத் தூக்கிப் பாத்தாரு. "பேக்கிங்தான? பேக்கிங்குக்கு டிரையல் வேண்டாம், போ"ன்னு ஓகே பண்ணிட்டாரு.

மாதேஷ்: கெட்டிக்காரிதான்.

ஸ்வாதி: பாராட்டா, சாபமா?

மாதேஷ்: ரெண்டும். ஏன் ஸ்வாதி, இப்ப எதுக்கு இந்தப் பேக்கிங்கு? இத்தன நாளா நான் போயி வெக்கலியா? பென்டிரைவப் பாக்கெட்ல போட்டுக்கினு, வண்டிய மிதிச்சிக்கினு, எந்தக் கம்பெனியா இருந்தாலும் போயி, ஒவ்வொரு ஃபைலா அதது எடத்துல வெச்சு, ஓட்டிக் காட்டிட்டு வரலியா?

ஸ்வாதி: வந்தீங்க. "வளையல்காரன் மாதிரி ஊர் ஊராப் போறான், ஒரு நாளும் சீட்ல இருக்க மாட்டேங்கறான்"னு பூபதி சார்தான் பொலம்பறாரு.

மாதேஷ்: வளையல்காரனா! அவருக்குச் சாஃப்ட்வேர் ஓடணுமா வேண்டாமா?

ஸ்வாதி: இனிமே நீங்க போகாமலே ஓடும். குந்தாரப்பள்ளி கம்பெனில திங்கக்கெழம ஆடிட். லேப்ல இருக்குற கம்ப்யூட்டர் எல்லாத்தையும் உபுண்டுக்கு மாத்திட்டாங்க. பென்டிரைவக் கேட்டுக்குள்ளயே விட மாட்டோம்னு போர்டு மாட்டிட்டாங்க. அத்திப்பள்ளிக்காரங்க டிசைன் ஆபீஸ் முழுக்க மேக்கு. மத்தவங்க விண்டோஸு. இத்தனைக்கும் நீங்க ஒருத்தரே எங்கண்ணா ஓடுவீங்க?

மாதேஷ்: அதான் நானும் சொல்றன். மூணுக்கும் தனித்தனியா எழுதணும். பெரிய வேல. இன்னிக்கு ஆவற கதையா அது?

ஸ்வாதி: தனித்தனியா எதுக்கு? கல்யாண வீட்ல சோறு ஒரே அண்டாலதான வேகுது? பந்தில ஒக்காந்தவனுக்கு எல. வர முடியாத பாட்டிக்கு டிபன் கேரியரு. பஸ்ஸுக்கு ஓடுறவனுக்குப் பொட்டலம். அடுப்ப யாரும் மாத்தறதில்லையே. எந்த ஃபைல் எங்க போகணும்னு ஒரு ரெண்டு வரி, பேரு, வெர்ஷனு, கடைசில "மூட்டை கட்டு"ன்னு ஒரு வரி. விண்டோஸ்ல ஓட்டினா விண்டோஸுக்கான செட்டப் வருது. மேக்ல ஓட்டினா மேக்குக்கு. அந்தக் கம்ப்யூட்டருக்கு எது தோதோ அதத் தானாக் கட்டிக் குடுக்குது.

மாதேஷ்: நம்மகிட்டத்தான் மேக் இல்லியே! மாட்டினியா?

ஸ்வாதி: பூபதி சார் மருமகளோடத வாங்கியாந்து காலைலயே கட்டியாச்சு.

மாதேஷ்: கட்டி...?

ஸ்வாதி: அத்திப்பள்ளிக்குப் போயும் சேந்தாச்சு. ஓடுதுன்னு போட்டோ அனுப்பிட்டாங்க. விண்டோஸும் முடிஞ்சுது. உபுண்டு ஒண்ணுதான் பாக்கி. அதாவது குந்தாரப்பள்ளி ஒண்ணுதான் பாக்கி.

மாதேஷ்: அந்த ஒண்ண மட்டும் விட்டுடேன்.

ஸ்வாதி: ஏன்?

மாதேஷ்: எனக்கு அங்க போறதுல ஒரு செரமமும் இல்ல. ரோடு நல்லாருக்கு. காத்து வருது.

ஸ்வாதி: காத்து வருதா? லாரி லாரியாப் புழுதிதான வரும்! அதுவும் நீங்க எப்பப் பாத்தாலும் வெள்ளிக்கெழமையாப் பாத்துப் போறீங்க. குந்தாரப்பள்ளி சந்த நாளு. ரோட்டுல பாதி மாடு, பாதி ஆடு.

மாதேஷ்: சந்த நாளுன்னாத்தான் வீட்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க... அதாவது, சந்தைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வந்தாப்பல ஆவும் பாரு.

ஸ்வாதி: சந்தைல உங்களுக்கு என்ன வேல?

மாதேஷ்: அதையேதான் எங்கம்மாவும் ஒரு நாள் கேட்டாங்க. "ஏன்டா, மாசாமாசம் சந்தைக்குப் போறன் போறன்ற, வெறுங்கைய வீசிக்கினு வர"ன்னு. அப்புறம் என்ன பண்றது? ஒரு ஆடு வாங்கிட்டன்.

ஸ்வாதி: ஆடா?

மாதேஷ்: பைக்ல முன்னாடி ஒக்கார வெச்சு எங்கூரு தொரப்பள்ளி வரைக்கும் கொண்டாந்தன். வழியெல்லாம் கத்திக்கினே வந்துச்சு. இப்ப வீட்ல நாலு ஆடு நிக்குது. எங்கப்பா ரோஸ் செடி போட்ட எடத்தப் பாதி மேஞ்சிடுச்சு.

ஸ்வாதி: அய்யோ சாமி! சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. ஒரு ஃபைல் வெக்கப் போனவரு பட்டி போட்டுட்டாரே!

மாதேஷ்: சிரி, சிரி. நல்லாச் சிரி. மூட்டைய மட்டும் கட்டாத.

ஸ்வாதி: கட்டுவேன். எனக்கு ஒரு சந்தேகம்ணா. அளவெடுத்து ரிப்போர்ட் அடிக்கிறப்ப மேல கம்பெனி பேரும் லோகோவும் வருதே, அதுக்குன்னு ஒரு சின்ன ஃபைல் இருக்குல்ல? அது போயிட்டா ரிப்போர்ட் மொட்டத் தலையா வரும். நம்ம கஸ்டமர்ல எவன்கிட்டயும் தொலையாத அந்த ஃபைலு, குந்தாரப்பள்ளில மட்டும் மாசாமாசம் எப்படித் தொலையுது?

மாதேஷ்: அந்தப் பக்கம் கரண்ட் சரியில்ல.

ஸ்வாதி: கரண்ட் போனா லைட்டு போகும், ஃபேன் போகும். ஒரே ஒரு ஃபைல் மட்டும் எந்திரிச்சுப் போகுமா?

மாதேஷ்: கொத்தில்லம்மா. நனகே கொத்தில்லா.

ஸ்வாதி: ஆகா, வந்துருச்சு கன்னடம்! தெரியாதாம்! நீங்க சின்னப் பொய்யக் கன்னடத்துல சொல்லுவீங்க, பெரிய பொய்யத் தெலுங்குல சொல்லுவீங்கன்னு இந்த ஆபீஸ்ல வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

மாதேஷ்: சும்னிரு, சும்மா இரு. எங்கூட்ல மூணுமே பேசுவோம். உங்கள மாதிரி சங்கரன்கோவில்லருந்து வந்து மூக்கண்டப்பள்ளில குடியேறினவங்களுக்கு அது எங்க வெளங்கும்?

ஸ்வாதி: எங்கப்பா சங்கரன்கோவில்லருந்து வந்தது பிரஸ் ஷாப் வேலைக்கு. பொய் கண்டுபுடிக்கிறத நான் இங்கதான் கத்துக்கிட்டேன். சரி, இனிமே அந்தக் கவல உங்களுக்கு இல்ல. இந்த மூட்டைல வர்ற எல்லா ஃபைலும் சிஸ்டத்துக்குள்ள பூட்டின எடத்துல போயி ஒக்காந்துக்கும். அட்மின் பாஸ்வேர்டு இல்லாம ஒருத்தரும் அழிக்க முடியாது.

மாதேஷ்: ஒருத்தருமா?

ஸ்வாதி: ஒருத்தரும்.

மாதேஷ்: லேப்ல இருக்கறவங்க கூடவா?

ஸ்வாதி: லேப்ல யாரு அழிக்கப் போறா? கரண்டுதான அழிக்குது?

மாதேஷ்: ஆமா... கரண்டுதான்.

ஸ்வாதி: ஓட்டறேன், பாருங்க... அடச்சே! எர்ரர்.

மாதேஷ்: பாத்தியா! நான் அப்பவே சொன்னன். கடவுளுக்கே புடிக்கல.

ஸ்வாதி: கடவுள் இல்ல, உபுண்டுக்குப் புடிக்கல. "இதுக்குப் பொறுப்பாளர் யாரு? பேரு இல்லாம கட்ட மாட்டேன்"னு மொறைக்குது. விண்டோஸும் மேக்கும் இதெல்லாம் கேக்கல. இது கறாரு.

மாதேஷ்: கறாருன்னா விட்டுடலாம்.

ஸ்வாதி: விடறதா? ஃபைலோட தலைலயே பேரு போட்டுட்டாப் போச்சு. மா... தே... ஷ். மெயில் ஐடி. முடிஞ்சுது.

மாதேஷ்: என் பேரா? என் பேர எதுக்குப் போடற?

ஸ்வாதி: பில்டு ஃபைல எழுதினது நீங்க. அப்ப யாரு பொறுப்பு?

மாதேஷ்: அந்தப் பேரு... அங்க இன்ஸ்டால் பண்றவங்களுக்குத் தெரியுமா?

ஸ்வாதி: பாத்தாத் தெரியும். யாரு பாக்கணும்?

மாதேஷ்: யாரும்தான். பொதுவாக் கேட்டன்.

ஸ்வாதி: பொதுவா! சரி... இதோ, ஓடுது... கட்டிடுச்சு. அட! இதென்ன? வெர்ஷன் 0.1.1ன்னு வந்துருக்கு? நான் வேறல்ல போட்டேன். கம்பெனி பேரும் காணோம்... அண்ணா.

மாதேஷ்: ம்?

ஸ்வாதி: "மூட்டை கட்டு"ங்கற வரி எல்லாத்துக்கும் கடைசில இருந்துச்சு. நான் டீ எடுக்கப் போன நேரத்துல யாரு அதத் தூக்கிப் பேரு, வெர்ஷனுக்கெல்லாம் மேல வெச்சது?

மாதேஷ்: மேல இருந்தா என்ன? வரி அதேதான.

ஸ்வாதி: பேரச் சொல்றதுக்கு முன்னாடி மூட்டையக் கட்டச் சொன்னா, அது தனக்குத் தெரிஞ்ச ஏதோ ஒரு பேரப் போட்டுக் கட்டிடும். இது உங்களுக்குத் தெரியாதா? எனக்கே நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க!

மாதேஷ்: தப்பான ஆளுக்குச் சொல்லிக் குடுத்துட்டன்.

ஸ்வாதி: ஒண்ணு கேக்கறேன். நேராச் சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க. சரஸ்வதின்னா யாரு?

மாதேஷ்: கல்விக் கடவுளு.

ஸ்வாதி: அண்ணா...

மாதேஷ்: ஆயுத பூஜைக்குப் பொரி, சுண்டல் வெச்சு...

ஸ்வாதி: குந்தாரப்பள்ளி கம்பெனில, குவாலிட்டி லேப்ல, கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்துல ஒக்காந்து நம்ம ரிப்போர்ட்ட அடிக்கிற சரஸ்வதி. காவேரிப்பட்டணத்துக்காரி.

மாதேஷ்: ஓ... அந்த மேடமா. பாத்திருக்கன். ஒண்ணு ரெண்டு தடவ.

ஸ்வாதி: பர்கூர் காலேஜ்ல நானும் அவளும் ஒரே பெஞ்சு.

மாதேஷ்: என்னது?

ஸ்வாதி: நாலு வருசமும். இன்னிக்கும் டெய்லி போன்ல பேசலன்னா எங்க ரெண்டு பேருக்கும் சாப்பாடு எறங்காது.

மாதேஷ்: அப்ப உனக்கு... நீ இவ்ளோ நேரமா... எல்லாம் தெரிஞ்சிக்கினே என்ன ஆட வெச்சு வேடிக்க பாத்தியா?

ஸ்வாதி: ஆடு விசயம் தெரியாது. அது இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

மாதேஷ்: என்ன சொல்லுவாங்க அவங்க? என்னப் பத்தி ஏதாச்சும்...

ஸ்வாதி: சொல்லுவா. அதுக்கு முன்னாடி இதக் கேட்டுக்கங்க. இந்தப் பேக்கிங்கப் பண்ணச் சொல்லிப் பூபதி சாருக்கு மெயில் போட்டது யாருன்னு நெனைக்கிறீங்க?

மாதேஷ்: குந்தாரப்பள்ளி ஐடி மேனேஜரு.

ஸ்வாதி: சரஸ்வதி.

மாதேஷ்: இல்ல.

ஸ்வாதி: நான் பாத்தேன். அவ பேர்லதான் வந்துருக்கு.

மாதேஷ்: இல்ல ஸ்வாதி. அவங்க கேட்டிருக்க மாட்டாங்க. வேற யார் வேணாக் கேட்டிருப்பாங்க, அவங்க கேட்டிருக்கவே மாட்டாங்க.

ஸ்வாதி: அதெப்படி அவ்ளோ அடிச்சுச் சொல்றீங்க?

மாதேஷ்: எனக்குத் தெரியும்.

ஸ்வாதி: இந்தாங்க, மெயில நீங்களே படிங்க. "உங்கள் பொறியாளர் ஒவ்வொரு முறையும் நேரில் வர வேண்டிய நிலை இல்லாமல், நாங்களே நிறுவிக்கொள்ளும்படி செய்து தரவும். இப்படிக்கு, சரஸ்வதி."

மாதேஷ்: "நேரில் வர வேண்டிய நிலை இல்லாமல்"...

ஸ்வாதி: ஆமா.

மாதேஷ்: அப்படியா... சரி.

ஸ்வாதி: அண்ணா?

மாதேஷ்: ஒண்ணுமில்ல. கட்டி அனுப்பிடு. அந்த வரியக் கடைசில வெச்சுடு, சரியா வரும்.

ஸ்வாதி: எங்க போறீங்க?

மாதேஷ்: டீ குடிக்க.

ஸ்வாதி: இப்பத்தான குடிச்சீங்க. ஒக்காருங்க. அய்ய, மொகம் ஏன் இப்படித் தொங்கிப்போச்சு? பாதி சொன்னதுக்கே எந்திரிச்சா எப்படி?

மாதேஷ்: இன்னும் என்ன இருக்கு? வர வேண்டாம்னு அவங்களே எழுதிட்டாங்க. இதுக்கு மேல என்ன கேக்கணும்? மனசு வலிக்குது ஸ்வாதி, விட்டுடு.

ஸ்வாதி: போன்ல எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? அவ சொன்ன மாதிரியே சொல்றேன். "அந்த மனுசன் வராருடி. பொட்டிக்குள்ள தலைய விட்டுக்கறாரு. 'ஓடுதுங்க மேடம்'ங்கறாரு. ஒரு டீயக் குடுத்தா டம்ளரப் பாத்தே குடிக்கிறாரு. போயிடறாரு. ஒரு வருசமா இதே கூத்து. எனக்காக வராரா, ஃபைலுக்காக வராரான்னு நான் எதக் கண்டன்? சாக்கு ஒண்ணும் இல்லாட்டியும் வராரா, அதப் பாக்கணும் எனக்கு"ன்னா.

மாதேஷ்: இத... இத அவங்க சொன்னாங்களா?

ஸ்வாதி: இதே வார்த்தைலதான் சொன்னா. ஞாயித்துக்கெழம தருமபுரிலருந்து அவளப் பொண்ணு பாக்க வராங்க. பேங்க்ல வேலையாம். அவங்கப்பா வரச் சொல்லிட்டாரு.

மாதேஷ்: ஞாயித்துக்கெழமன்னா... நாளன்னிக்கா!

ஸ்வாதி: நாளன்னிக்குத்தான். இனி வெள்ளிக்கெழம பாத்துச் சந்தைக்குப் போயி அஞ்சாவது ஆடு வாங்கிட்டிருக்க நேரமில்ல.

மாதேஷ்: அவங்கப்பா என்ன பண்றாரு?

ஸ்வாதி: மாந்தோப்பு. உங்கப்பா ரோஸும் தக்காளியும். வெள்ளாமக்காரங்களுக்கு வெள்ளாமக்காரங்களப் புடிக்காமலா போகும்? அதெல்லாம் பெரியவங்க பேசிக்குவாங்க. மொதல்ல நீங்க வாயத் தொறக்கணும்.

மாதேஷ்: எனக்கு அந்தம்மாவப் பாத்தா நாக்கு ஒட்டிக்குது ஸ்வாதி. வீட்லருந்து கெளம்பறப்ப எல்லாம் யோசிச்சுக்கினுதான் போவன். இன்னிக்கு இதச் சொல்லிடணும், அதச் சொல்லிடணும்னு. சூளகிரி தாண்டறப்ப நல்லாத்தான் இருக்கும். அந்தக் கண்ணாடிக் கதவத் தொறந்தா... எல்லாம் போச்சு. "ஓடுதுங்க மேடம்"தான் வருது.

ஸ்வாதி: அப்ப ஃபைல் தொலஞ்சிக்கிட்டே இருக்குற வரைக்கும் உங்களுக்கு வாய் தொறக்காது. அவ கணக்கு சரியாத்தான் இருக்கு.

மாதேஷ்: ...நவுரு.

ஸ்வாதி: என்ன?

மாதேஷ்: நவுருன்றன். சீட்ட விடு. அந்த வரிய நானே தூக்கனன், நானே எறக்கறன்.

ஸ்வாதி: பழைய வரில கை படாமப் பாத்துக்கங்க.

மாதேஷ்: தெரியும்... இந்தா, பேரு, வெர்ஷனு, பொறுப்பாளரு, எல்லாம் மேல. "மூட்டை கட்டு" அடில. ஓட்டு... ம்... வந்துடுச்சு பாரு. பேரு சரி. வெர்ஷன் சரி. அந்த ஃபைலு பூட்டின எடத்துலதான் போயி ஒக்காருது.

ஸ்வாதி: அனுப்பட்டுமா?

மாதேஷ்: நானே அனுப்பறன்... ஆய்த்து. போச்சு.

ஸ்வாதி: இருங்க, அவ இன்ஸ்டால் பண்ணட்டும்... இந்தா, போன் அடிக்குது! அவதான். ஸ்பீக்கர்ல போடறேன்.

மாதேஷ்: போடாத. வேணாம். பேடாம்மா, பேடா...

ஸ்வாதி: சொல்லுடி சரசு. வந்துச்சா?

சரஸ்வதி: வந்துடுச்சுடி. ரெண்டு தட்டுத் தட்டினன், அதுவே எல்லாத்தையும் வெச்சுக்கிச்சு. ரிப்போர்ட் லோகோவோட அழகா வருது. இங்க எங்க மேனேஜரு கூட, "பரவால்லியே, ஆள் வராமலே ஆயிடுச்சே"ன்னாரு.

ஸ்வாதி: ஆள் வராமலே ஆயிடுச்சாம்ல. அண்ணா, கேட்டீங்களா?

சரஸ்வதி: யாருடி... மாதேஷ் சார் அங்க இருக்காரா?

ஸ்வாதி: இருக்காரு. செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு.

சரஸ்வதி: வணக்கங்க சார்.

மாதேஷ்: வணக்கங்க மேடம். ஓடுதுங்களா மேடம்?

ஸ்வாதி: கெட்டுது போங்க.

சரஸ்வதி: நல்லா ஓடுதுங்க சார். பொறுப்பாளர்னு உங்க பேரு வருது. பாத்தன்.

மாதேஷ்: அது உபுண்டு கேட்டுச்சுங்க. பேரு இல்லாம கட்ட மாட்டன்னு... ஸ்வாதிதான்... நானும் சரின்னுட்டன்.

சரஸ்வதி: அப்படிங்களா. சரிங்க சார். இனிமே உங்களுக்கு அலைச்சல் இல்ல. ஏதாச்சும்னா நாங்களே பாத்துக்கறோம். வெச்சுடறங்க.

ஸ்வாதி: அண்ணா! வெக்கப் போறா!

மாதேஷ்: மேடம்... ஒரு நிமிசங்க. நான் நாளைக்கு வரன்.

சரஸ்வதி: எதுக்குங்க சார்? எல்லாம் ஓடுதே.

மாதேஷ்: ஓடுதுங்க. ஓடட்டுங்க. ஓடினாலும் வரன்.

சரஸ்வதி: நாளைக்குச் சனிக்கெழம, எங்களுக்கு லீவுங்க சார். கேட்ல விட மாட்டாங்க.

மாதேஷ்: கம்பெனிக்கு இல்லைங்க. காவேரிப்பட்டணத்துக்கு. உங்க வீட்டுக்கு. எங்கம்மா, அப்பாவக் கூட்டிக்கினு வரன். ஞாயித்துக்கெழம யாரும் வர்றதுக்கு முன்ன வரன். உங்களுக்குச் சம்மதம்னா.

ஸ்வாதி: சரசு? ஏய், அழுவுறியா, சிரிக்கிறியா?

சரஸ்வதி: ரெண்டும்தான்டி... இருடி, கதவச் சாத்திட்டு வரன்... சார்.

மாதேஷ்: சொல்லுங்க மேடம்.

சரஸ்வதி: காலைலயே வாங்க. எங்கப்பா பத்து மணிக்கு மேல தோப்புக்குப் போயிடுவாரு.

ஸ்வாதி: அப்பாடா! மாரியம்மா! ஒரு வருசம் இழுத்த வேலைய ஒரு நிமிசத்துல முடிச்சாரே எங்கண்ணன்!

சரஸ்வதி: இருடி, கத்தாத. சார்... நீங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்ன நானும் ஒண்ணு சொல்லிடணும். இல்லன்னா எனக்கு மனசு கேக்காது. அந்த லோகோ ஃபைலு... அது தானாத் தொலையலங்க. நான்தான் அழிச்சன். ஒவ்வொரு தடவையும்.

ஸ்வாதி: அடிப்பாவி! எங்கிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லலியே நீ!

சரஸ்வதி: கோவங்களா சார்?

மாதேஷ்: கோவம் என்னங்க. எனக்கு மொதத் தடவையே தெரியும்.

சரஸ்வதி: தெரியுங்களா! எப்படி?

மாதேஷ்: அது உள்ளார, ஃபோல்டருக்குள்ள ஃபோல்டருன்னு எங்கயோ ஆழத்துல கெடந்துச்சுங்க, தானாப் போவ வழியே இல்ல. அத்தத் தேடிப் புடிச்சு அழிக்க உங்களுக்கு எவ்ளோ செரமமா இருந்திருக்கும்... அதான் நானே வெளிய எடுத்து, டெஸ்க்டாப்ல, உங்க கைக்கு எட்டற எடமாப் பாத்து வெச்சுட்டு வந்தன்.